புல்லும் மரமும் உள்ள நிலத்தைக் கிரயம் பேசுதல்

நன்செய் நிலத்தின் தராதரத்தைப் பாசனத்தாலும், தோட்டத்தின் தராதரத்தைக் கிணற்றாலும், மானாவாரிக் காட்டின் தராதரத்தை மண்ணாலும் நம் குடியானவர்கள் ஒருவாறு மதிப்பிட்டு விடுவார்கள். ஆனால் உழவே காணாமல், புல்லும் மரமும் சேர்ந்து நிற்கும் நிலம் விலைக்கு வரும்போது, அநேகர் அதனைக் கண்ணால் கண்ட அளவில் மதித்து விலை பேசி விடுகின்றனர். பசுமையாகத் தோன்றினால் விலை ஏறுகிறது. காய்ந்து தோன்றினால் இறங்குகிறது. புல் ஆண்டுதோறும் வரும் வருமானம். மரமோ பல ஆண்டுகளாகச் சேர்ந்த முதல். இவ்விரண்டையும் ஒன்றாகக் கலந்து எண்ணுவதால் விளையும் தீங்கு பெரிது. கடன் வாங்கி அத்தகைய நிலத்தைக் கிரயம் செய்தவர் தவணை கட்டுவதற்காக மரத்தை வெட்டுகிறார். மரம் போனபின் நிலத்தின் வருமானம் குறைகிறது. வருமானம் குறைந்தபின் கடன் நிற்கிறது. கடைசியில் நிலமும் போகிறது. இத்தீங்கு நேராமல் கிரயம் பேசும் முறையை விளக்குவதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

1. கொறங்காடு என்பது யாது?

புல்லும் மரமும் ஒருங்கே வளர்க்கும் முறைக்கு நம் நாட்டில் மிகச் சிறந்த எடுத்துக்காட்டு கொங்கு நாட்டின் கொறங்காடு ஆகும். காங்கயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம், அரவக்குறிச்சி முதலிய பகுதிகளில் இதனை இன்றும் காணலாம். இப்பகுதிகள் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் அமைந்தவை. ஆண்டு மழை சுமார் 25 அங்குலம்; அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பெய்து விடும். செஞ்சரளை மண்ணும் ஆழமில்லாத நிலமும் மிகுதி. இத்தகைய இடத்தில் ஆண்டுதோறும் உழுது விதைத்து நஷ்டமடைவதைவிட, புல்லை நிலையாக வைத்துக் கால்நடை வளர்ப்பதே நலமென்று முன்னோர் அனுபவத்தால் கண்டனர்.

கொறங்காட்டுக்கு மூன்று உறுப்புகள் உண்டு. முதலாவது, தரையில் கொழுக்கட்டைப் புல். இது ஒரு முறை வேரூன்றி விட்டால் பல ஆண்டு நிலைத்து, வறட்சியில் காய்ந்து, மழை கண்டவுடன் மறுபடியும் துளிர்க்கும். இரண்டாவது, இடையிடையே வெள்வேல மரம். இதன் இலை சிறிதாதலால் நிழல் அடர்த்தியாக விழாது. அடியில் புல் வளரும். கோடையில் புல் தீர்ந்த சமயத்தில் இதன் நெற்று ஆடுமாடுகளுக்குத் தீனியாகிறது. மரம் கனமும் உறுதியும் உள்ளது. கலப்பை, வண்டி, கம்பம் முதலியவற்றுக்கும் விறகுக்கும் பயன்பட்டு வந்தது. பட்டை சாராயம் காய்ச்சப் பயன்பட்டமையால் சாராய வேல் என்றும் பெயர் பெற்றது. மூன்றாவது, நாற்புறமும் முள் கிளுவை வேலி. கிளுவைப் போத்துகளை நெருக்கமாக நட்டு உண்டாக்கும் இந்த உயிர்வேலி, ஆளில்லாமலே கால்நடைகளை உள்ளே காத்து நிற்கும்.

காங்கயம் காளை இந்தப் புல்லில் வளர்ந்த இனமாகும். பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பத்தினர் இவ்வினத்தைத் தேர்ந்தெடுத்துப் பெருக்கிய வரலாறு யாவரும் அறிந்ததே. ஆகவே ஒரு கொறங்காடு கைமாறுவதும் சிதைவதும் ஒரு குடும்பத்தின் லாப நஷ்டத்தோடு மட்டும் நிற்பதன்று.

2. நிலத்தைப் பார்க்க வேண்டிய காலம்

விற்பவர் பெரும்பாலும் மார்கழியில் நிலத்தைக் காட்டுவார். அப்போது புல் முழங்கால் உயரம் நிற்கும். வாங்குபவர் அத்தோற்றத்தில் மயங்கலாகாது. பங்குனியில் மறுபடியும் ஒரு முறை தனியே சென்று பார்த்தல் வேண்டும். அப்போது தரை முழுவதும் தூர் இருக்கிறதா, அல்லது இடையிடையே வெறுந்தரையும் சரளையும் தெரிகின்றனவா என்பது விளங்கும். ஒரு மழைக்கு முளைத்து மறையும் ஓராண்டுப் புற்களும் மார்கழியில் பச்சையாகவே தோன்றும். கொழுக்கட்டைப் புல்லின் தூர் மட்டுமே பங்குனியிலும் தரையைப் பற்றி நிற்கும்.

சீமைக் கருவேல் எவ்வளவு பரவியிருக்கிறது என்பதையும் அப்போதே காண வேண்டும். விற்பவர் அதனையும் மரக்கணக்கில் சேர்ப்பதுண்டு. அது விறகுக்கும் கரிக்கும் ஆகுமேயன்றி, அதனடியில் நல்ல புல் தங்காது. அதனை வேரோடு களைவதற்கு ஆகும் செலவை நிலத்தின் விலையிலிருந்து கழிக்க வேண்டுமேயன்றி, அதற்கென்று விலையைக் கூட்டுதல் தகாது.

வேலியை முழுவதும் சுற்றி நடந்து பார்க்க வேண்டும். ஐந்து ஏக்கர் சதுரமான ஒரு காட்டின் ஒரு பக்கம் சுமார் 467 அடி; சுற்றளவு சுமார் 1,870 அடி. இதில் கால் பங்கு வேலி அழிந்திருந்தாலும் 467 அடி புதிதாக நட்டு, சில ஆண்டு காவல் காக்க வேண்டியிருக்கும். நிலத்துக்குச் செல்லும் இட்டேரி புல வரைபடத்தில் உள்ளதா, அல்லது பக்கத்துக் காட்டுக்காரரின் தயவால் நடக்கும் தடமா என்பதையும் விசாரிக்க வேண்டும். தயவால் கிடைத்த வழி விற்பனையோடு நின்று போகக்கூடும். பின்னர் வெட்டிய மரத்தையும் கட்டிய புல்லையும் வண்டியேற்றிக் கொண்டு வர வழியிராது.

3. புல்லை அளக்கும் முறை

புல்லை மதிக்க விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலமுள்ள மரச்சட்டம் ஒன்றும், ஒரு தராசும், ஓர் அரிவாளும் போதும். புல் பூக்கத் தொடங்கும் பருவத்தில் காட்டின் பத்து இடங்களில் சட்டத்தை வைக்க வேண்டும். நல்ல இடங்களை மட்டும் பொறுக்காமல், ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு நேராக நடந்து, சம தூரத்தில் வைத்தல் முறை. சட்டத்துக்குள் உள்ள புல்லைத் தரைக்கு நான்கு விரற்கடை மேலே அறுத்து, பத்து இடத்துப் புல்லையும் தனித்தனியே நன்றாக உலர்த்தி நிறுத்து, சராசரி காண வேண்டும்.

ஓர் ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். ஆகவே ஒரு சதுர மீட்டருக்குச் சராசரி 250 கிராம் உலர் புல் கிடைப்பதாக வைத்துக்கொண்டால், ஏக்கருக்குச் சுமார் 1,000 கிலோ ஆகும். பத்து ஏக்கருக்கு 10,000 கிலோ.

இவ்வளவும் நம்முடையதென்று எண்ணுதல் கூடாது. பாதியை எடுத்துப் பாதியை நிலத்திலேயே விடுதல் மேய்ச்சல் நிலத்துக்குரிய விதி. தூரும் தாளும் நின்றால்தான் மண் காயாமலும் மழையில் அரியாமலும் இருக்கும்; அடுத்த ஆண்டின் துளிரும் அதிலிருந்தே வரும். ஆகவே எடுக்கத்தக்கது 5,000 கிலோ.

முந்நூறு கிலோ எடையுள்ள ஒரு மாட்டுக்கு நாளொன்றுக்கு உலர்ந்த தீனி சுமார் ஆறரைக் கிலோ வேண்டும். 5,000 கிலோவை ஆறரையால் வகுத்தால் சுமார் 770 நாள் தீனி வரும். அதாவது இரண்டு மாடுகளுக்கு ஓராண்டுத் தீனி. விற்பவர், இந்தக் காட்டில் பத்து மாடு மேய்கிறது என்று கூறினால் அது பொய்யாக இராது. ஆனால் பத்து மாடு எத்தனை மாதம் மேய்ந்தது என்று கேட்க வேண்டும். இரண்டரை மாதம் மேய்ந்திருந்தால் நம் கணக்கோடு பொருந்தும். ஆண்டு முழுவதும் மேய்ந்திருந்தால், ஒன்று வெளியிலிருந்து தட்டும் தவிடும் வந்திருக்க வேண்டும், அல்லது நிலம் தன் முதலை இழந்து வந்திருக்க வேண்டும்.

மேலும் ஒரே புல்லை இரு முறை எண்ணலாகாது. அறுத்து உலர்த்தி விற்றால் அது புல் வருமானம். மேய விட்டால் அது பாலும் கன்றும் ஆட்டுக் குட்டியும் ஆகும். இவ்விரண்டையும் கூட்டி விற்பவர் ஒரு பெரிய தொகையைச் சொல்வாரானால், அதில் ஒன்றைக் கழித்து விட வேண்டும்.

4. மரத்தை அளக்கும் முறை

இக்காட்டில் இருநூறு மரம் உண்டு என்று சொல்லும் பேச்சுக்கு மதிப்பில்லை. மரத்தைத் தலையெண்ணிக்கையால் அல்லாமல் பருமனால் வகுக்க வேண்டும். தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் ஒவ்வொரு மரத்தின் சுற்றளவையும் நாடாவால் அளந்து, சுண்ணாம்பால் குறியிட்டு, ஒரு நோட்டில் பதிந்து வருதல் வேண்டும். இரண்டு ஆள் ஒரு நாளில் முடிக்கும் வேலை இது. உதாரணமாக அந்த இருநூறு மரம் பின்வருமாறு பிரியலாம்:

சுற்று 12 அங்குலத்துக்குக் கீழ் — 80 மரம்
12 முதல் 24 அங்குலம் வரை — 60 மரம்
24 முதல் 36 அங்குலம் வரை — 40 மரம்
36 அங்குலத்துக்கு மேல் — 20 மரம்

இவற்றுள் முதல் இரண்டு வகையும் சாமானுக்கு ஆகா. கம்பத்துக்கும் விறகுக்குமே ஆகும். சாமானுக்கு ஆகும் மரம் அறுபதே.

மரத்தின் கன அளவைக் காண்பதற்கு மரவாடிகளில் வழங்கும் கால் சுற்றுக் கணக்கே எளிது. தண்டின் நடுவில் சுற்றளவை அங்குலத்தில் எடுத்து, நான்கால் வகுத்து, வந்த தொகையைத் தன்னால் பெருக்கி, தண்டின் நீளத்தை அடியில் பெருக்கி, 144 ஆல் வகுத்தால் கன அடி கிடைக்கும். நடுச்சுற்று 40 அங்குலம், நீளம் 9 அடி எனில், கால் சுற்று 10. பத்தைப் பத்தால் பெருக்க 100. ஒன்பதால் பெருக்க 900. 144 ஆல் வகுக்க 6.25 கன அடி. இந்தக் கணக்கு உருண்டையான தண்டின் உண்மைக் கன அளவில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாகக் குறைத்தே காட்டும். செதுக்கும்போது வீணாகும் மரத்துக்கு அது ஈடாகும் என்று கொள்வது வழக்கம்.

மேற்படி பெரிய மரம் 20-க்கும் இந்த அளவென்றால் 125 கன அடி. அடுத்த வகை 40 மரத்துக்கு நடுச்சுற்று 28 அங்குலம், நீளம் 8 அடி என்று வைத்தால், மரம் ஒன்றுக்கு 2.72 கன அடி வீதம் சுமார் 109 கன அடி. ஆக மொத்தம் 234 கன அடி. பொந்து, கோணல், பிளவு ஆகியவற்றுக்குக் கால் பங்கு கழித்தால் மிஞ்சுவது சுமார் 175 கன அடியே. இருநூறு மரம் என்ற சொல் காதுக்கு எவ்வளவு பெரிதாகத் தோன்றிற்று, நாடா பிடித்த பின் எவ்வளவாக முடிந்தது என்பதை வாசகர்கள் கவனிக்க.

இனி, மரத்தில் ஆண்டு வருமானம் எவ்வளவு? ஒரு மரம் சாமானுக்கு ஆகும் பருமனை அடைய 30 ஆண்டு பிடிப்பதாகக் கொண்டால், இருநூறு மரமுள்ள காட்டில் ஆண்டுக்கு ஆறு மரத்துக்கு மேல் வெட்டலாகாது. வெட்டிய ஆறுக்கு ஈடாக இருபது கன்றாவது காத்து வளர்க்க வேண்டும். அவற்றில் பல ஆட்டு வாயிலும் வறட்சியிலும் போய்விடும். ஆறு மரத்தின் விலையே மரத்தால் வரும் ஆண்டு வருமானம். ஏனைய 194 மரமும் முதல். முதலை எடுத்து உண்பவன் வருமானம் வந்ததாக எண்ணுதல், விதை நெல்லைக் குத்திச் சமைத்துவிட்டு மகசூல் வந்ததென்று சொல்வதை ஒக்கும்.

5. வருமானமும் கடனும்

இப்போது இரண்டையும் சேர்த்துப் பார்ப்போம். கீழ்க்காணும் விலைகள் கணக்கின் வழியைக் காட்டுவதற்காக வைத்துக்கொண்டவை. அவரவர் ஊர் விலையை விசாரித்து மாற்றிக்கொள்க.

உலர் புல் 5,000 கிலோ, கிலோ ரூ. 8 வீதம் — ரூ. 40,000
குறையில்லாத மரம் 6, மரம் 6.25 கன அடி, கன அடி ரூ. 800 வீதம் — ரூ. 30,000
மொத்தம் — ரூ. 70,000
வேலி கழித்தல், அறுப்புக் கூலி, காவல், வரி முதலிய செலவு — ரூ. 20,000
நிகர வருமானம் — ரூ. 50,000

இந்த நிலத்தை வாங்க ஒருவர் நூற்றுக்குப் பத்து வட்டியில் ஐந்து லட்சம் ரூபாய் கடன் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். முதலாண்டு வட்டி ரூ. 50,000. நிலத்தின் நிகர வருமானம் முழுவதும் வட்டிக்கே போய்விடும்; அசலில் ஒரு ரூபாயும் குறையாது; குடும்பத்துக்கும் ஒன்றும் மிஞ்சாது. மழை பொய்த்த ஆண்டில் வட்டியும் நிற்கும். அப்போது அவர் கண்ணுக்கு மரம் தெரியும். அறுபது மரத்தையும் வெட்டினால் 175 கன அடிக்கு ரூ. 1,40,000 வரும். கடன் ரூ. 3,60,000-ஆகக் குறையும், அதற்கு வட்டி ரூ. 36,000. ஆனால் மரத்தின் வருமானம் நின்றுவிட்டபடியால் நிகர வருமானம் ரூ. 20,000-ஆகி விட்டது. கோடையில் நெற்றும் நிழலும் இல்லாமற் போனதால் வரும் நஷ்டத்தை இங்கே எண்ணவேயில்லை. மரத்தை வெட்டியதால் கடன் தீரவில்லை; கடனைத் தீர்க்கும் சக்திதான் தீர்ந்தது.

ஆகவே கடனுக்கு ஓர் எல்லை கட்டிக்கொள்ள வேண்டும். நிகர வருமானத்தில் பாதிக்கு மேல் தவணையாகப் போகாதவாறு கடன் இருத்தல் நலம். மறு பாதி குடும்பத்துக்கும் வறட்சி ஆண்டுக்கும் வேண்டும். மேற்படி நிலத்தில் பாதி என்பது ரூ. 25,000. ஒரு லட்சம் ரூபாய் கடன் அதே வட்டியில் ஆண்டுக்கு ரூ. 25,000 கட்டினால் ஆறாம் ஆண்டில் தீர்ந்துவிடும். அந்நிலம் சுமக்கத்தக்க கடன் ஏறக்குறைய இவ்வளவே. மீதிப் பணம் கைச்சேமிப்பிலிருந்தோ வேறு நிலையான வருமானத்திலிருந்தோ வர வேண்டும். அவ்வாறு வர வழியில்லையேல் கிரயத்தை விட்டுவிடுதலே அறிவுடைமை.

சாலையோரத்திலும் பட்டணத்துக்கு அருகிலும் இந்தக் கணக்குக்குச் சற்றும் பொருந்தாத விலை சொல்லப்படும். அவ்விலை புல்லாலும் மரத்தாலும் ஏற்பட்டதன்று. மனைக்கோ ஆலைக்கோ பின்னர் ஆகும் என்ற எதிர்பார்ப்பால் ஏற்பட்டது. அவ்வாறு வாங்குபவர் தாம் விவசாயத்துக்காக வாங்கவில்லை என்பதைத் தமக்குத்தாமே தெளிவாக ஒப்புக்கொண்டு, அதற்கேற்ற பணத்தைத் தம்மிடம் வைத்துக்கொண்டு வாங்குக.

கடன் என்பது தன்னையே அடைக்கும் வருமானத்தை உண்டாக்குவதாக இருத்தல் வேண்டும் என்பது கூட்டுறவுக் கடனுதவியின் அடிப்படைக் கொள்கை. கோயம்புத்தூர் ஜில்லா மானுவலை 1887-ல் தொகுத்த பிரெடரிக் நிக்கல்சன் துரை, பின்னர் ஜெர்மனியின் ரைபைசன் முறையை ஆராய்ந்து 1895-லும் 1897-லும் அளித்த அறிக்கைகளில் வற்புறுத்தியதும், 1904-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஏற்பட்ட சங்கங்கள் கைக்கொண்டதும் இக்கொள்கையே. சங்கம் ஒரு மனுவைத் தள்ளும்போது அங்கத்தினர் மனம் வருந்துகிறார். ஆனால் வருமானம் தாங்காத கடனைக் கொடுப்பது உதவியன்று என்பதை மேற்கண்ட கணக்கு காட்டும்.

6. பத்திரத்தில் கவனிக்க வேண்டியவை

புல்லும் மரமும் உள்ள நிலத்துக்கென்று தனியே ஓர் ஆபத்து உண்டு. அதனை அநேகர் அறியார். 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டத்தின் 3-வது பிரிவு, வெட்டுதற்குரிய நிலையில் நிற்கும் மரமும் வளரும் பயிரும் புல்லும் ஸ்தாவரச் சொத்தாகா என்று கூறுகிறது. 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டமும் இவற்றை ஜங்கமச் சொத்தாகவே கொள்கிறது. இதன் பயன் யாதெனில், நிலத்தை விற்கப் பதிவு செய்த பத்திரம் வேண்டும். நிற்கும் மரத்தை மட்டும் வெட்டிக்கொள்ளும்படி விற்க அவ்வாறு வேண்டியதில்லை. நிலத்துக்காரர் சென்ற மாதமே மர வியாபாரியிடம் முன்பணம் பெற்று வெறும் காகிதத்தில் மரத்தை விற்றிருக்கலாம். வில்லங்கச் சான்றில் அந்த விற்பனை தோன்றாது. கிரயம் முடிந்த மறு நாள் வியாபாரி கோடரியோடு வந்து நிற்பார்.

மேய்ச்சல் குத்தகையும் அத்தகையதே. ஓராண்டுக்கு மேற்படாத குத்தகைக்குப் பதிவு கட்டாயமில்லை. ஆகவே இவ்வாண்டுப் புல்லை ஆட்டுக்காரர் ஒருவருக்கு விட்டிருப்பதும் சான்றில் தெரியாது.

பல ஆண்டு நிலத்தில் புகுந்து மரம் வெட்டிக்கொள்ளும் உரிமை இதனின் வேறு. மரம் அந்நிலத்திலேயே நின்று அதன் சத்தை உண்டு வளரும்படி விடப்படுமாயின், அது ஸ்தாவரச் சொத்தின் பாற்பட்டதென்றும், அதற்குப் பதிவு வேண்டுமென்றும் 1958-ஆம் ஆண்டுச் சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்பொன்றில் விளக்கப்பட்டுள்ளது. எனினும் கோர்ட்டுக்குப் போய் வெல்வதைவிட, போகாமல் காத்துக்கொள்வதே குடியானவருக்கு லாபம். அதற்குரிய வழிகள் பின்வருமாறு:

(அ) மரங்களின் தண்டில் தார்க்குறியோ எண்ணோ செதுக்கலோ உள்ளதா என்று பார்க்க. உண்டேல் அவை யாருடையவை என்று கேட்க.

(ஆ) அருகிலுள்ள மர வியாபாரிகளையும், பக்கத்துக் காட்டுக்காரர்களையும், அங்கு ஆடு மேய்ப்பவர்களையும் விசாரிக்க.

(இ) மேலே சொன்ன மரப்பட்டியலை, வகையும் சுற்றளவும் எண்ணிக்கையும் கண்டு, கிரயப் பத்திரத்தின் சொத்து விவரத்தில் சேர்க்க. நிலத்திலுள்ள மரம், புல், வேலி யாவும் கிரயத்தில் அடங்கின என்றும், அவற்றை எவருக்கும் முன்னரே விற்கவோ குத்தகைக்கு விடவோ இல்லை என்றும், அவ்வாறு ஏதேனும் வெளிப்பட்டால் நஷ்டத்துக்கு விற்பவரே பொறுப்பு என்றும் ஷரத்து எழுதுக.

(ஈ) முன்பணம் கொடுத்த நாளுக்கும் பத்திரம் முடியும் நாளுக்கும் இடையில் மரம் வெட்டலாகாது என்று உடன்படிக்கையில் எழுதுக. முடிவு நாளன்று பட்டியலைக் கையில் வைத்து மரங்களை மறுபடியும் எண்ணுக.

இவற்றோடு மற்ற நிலங்களுக்குரிய சோதனைகளும் உண்டு. குறைந்தது முப்பது ஆண்டு வில்லங்கச் சான்று, மூலப் பத்திரங்கள், பட்டா, அடங்கல், புல வரைபடம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். இவற்றில் பலவற்றை இக்காலத்தில் இணைய வழியாகவே பெறலாம். கோயில் நிலத்தையும், சர்க்கார் நிபந்தனையுடன் வழங்கிய நிலத்தையும் வாங்கி ஏமாறலாகாது. 1892-ஆம் ஆண்டு உத்தரவின்படி ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று வழங்கப்பட்ட பஞ்சமி நிலத்தைப் பிறர் கிரயம் பெறுதல் செல்லாது; அது அம்மக்களின் உரிமையைப் பறிப்பதும் ஆகும். பனை மரம் வெட்டுவதற்கு மாவட்ட ஆட்சியரின் இசைவு வேண்டும் என்று 2021-ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டபடியால், பனையை வெட்டி விற்கலாம் என்ற கணக்கில் விலை பேசுதல் கூடாது. 2023-ஆம் ஆண்டு ஏற்பாட்டின்படி முத்திரைத் தீர்வை நூற்றுக்கு 7, பதிவுக் கட்டணம் நூற்றுக்கு 2 ஆகும். இதனையும் முதலிலேயே செலவில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

7. பாகப்பிரிவினையால் வரும் விற்பனை

கொறங்காடு விலைக்கு வருவதற்குப் பல இடங்களில் காரணம் சகோதரர் பாகமே. ஐந்து ஏக்கர் காட்டை இருவர் பிரித்துக்கொள்ளும்போது நடுவில் 467 அடி புது வேலி வேண்டும். நால்வர் சதுரமாகப் பிரித்தால் 934 அடி. நடுவில் வேலி இல்லாத இரண்டரை ஏக்கர், ஒருவர் மாட்டை மற்றவர் புல்லில் விட்டுச் சண்டை வளர்க்கும் இடமாகி, பின் ஒரு பங்கு அயலாருக்கு விற்கப்படுகிறது.

இதற்கு மாற்று உண்டு. வேலியைப் பொதுவாக வைத்துக்கொண்டு, மேய்ச்சலை மாத முறையாகவோ தலைக்கு இத்தனை மாடென்றோ பிரித்துக்கொள்ளலாம். மரத்தை ஆண்டுக்கு இத்தனை என்று வெட்டிப் பணத்தைப் பங்கிடலாம். பக்கத்துப் பக்கத்துக் காட்டுக்காரர் சிலர் சேர்ந்து காடுகளை முறை வைத்து மேய்த்தால், ஒரு காட்டில் மேய்ச்சல் நடக்கும்போது மற்றவை ஓய்வு பெற்றுத் தழைக்கும். விற்றுத்தான் தீரவேண்டுமெனில், வெளியாருக்குச் சொல்லுமுன் பங்காளிக்கும் பக்கத்துக் காட்டுக்காரருக்கும் சொல்லுதல் இருவருக்கும் நன்மை. அவர்களுக்கு வேலிச் செலவு மீதி; ஆதலால் நியாயமான விலை தர அவர்களால் இயலும்.

8. வாங்கிய பின்

முதலாண்டு மரத்தில் கை வைக்க வேண்டாம். வேலியின் சந்துகளை அடைத்து, காட்டை இரண்டு அல்லது மூன்றாகத் தடுத்து, ஒன்றை மேயும்போது மற்றதற்கு ஓய்வு கொடுக்க. வெறுந்தரையில் மழைக்கு முன் கீறிவிட்டுக் கொழுக்கட்டைப் புல் விதையைத் தூவலாம். அன்று பறித்த விதை நன்றாக முளைக்காது. சில மாதம் வைத்திருந்து விதைத்தலே முறை. ஏக்கருக்கு மூன்று கிலோ போதும்.

மழை ஓய்ந்து, புல் பூத்து, விதை உதிருமுன் ஒரு பகுதியை அறுத்து உலர்த்திப் போரிடுக. விதை உதிர்ந்தபின் தாள் முற்றிச் சத்துக் குறைந்துவிடும். அறுத்த புல்லை இரண்டு மூன்று நாள் புரட்டிக் காயவைத்து, ஒரு பிடியை முறுக்கிப் பார்க்க; ஈரம் கசியாமலும், பொடியாகாமலும் இருந்தால் போரிடலாம். ஈரத்தோடு அடுக்கினால் போர் சூடேறிப் பூஞ்சை பிடிக்கும். கல் அடுக்கி அதன்மேல் கட்டை பரப்பிப் போரிட்டால் கரையான் ஏறுவது குறையும். கோடையில் புல்லின் விலை ஏறும்போது போர் உள்ளவருக்கு மாட்டை விற்க வேண்டிய அவசியம் நேராது. சித்திரையில் கூடும் கண்ணபுரம் மாட்டுத் தாவணிக்கு விற்பவராகப் போவதா, வாங்குபவராகப் போவதா என்பதைத் தையில் போட்ட போரே தீர்மானிக்கும்.

வெள்வேல நெற்றை ஆடு தின்றபின் புழுக்கையோடு விழும் விதை எளிதாக முளைக்கும். பட்டி போட்ட இடத்தில் மழைக்குப் பின் தோன்றும் கன்றுகளில் நல்லவற்றைக் குறித்து, முள் கட்டிக் காத்தால் நாற்றுச் செலவில்லாமலே மரம் பெருகும். மரப்பட்டியல் நோட்டில் வெட்டியதையும் வளர்ந்ததையும் ஆண்டுதோறும் எழுதி வருக. வெட்டிய எண்ணிக்கை வளர்ந்த எண்ணிக்கையை மிஞ்சுமானால், நிலம் மெல்ல விற்பனையாகிக்கொண்டிருக்கிறது என்று அறிக.

9. சுருக்கம்

புல் வருமானம், மரம் முதல். புல்லைச் சட்டத்தாலும் மரத்தை நாடாவாலும் அளந்த பின்னரே விலை பேசுக. பாதிப் புல்லை நிலத்துக்கு விடுக. வளர்ந்த அளவுக்கு மேல் மரத்தை வெட்டாதிருக்க. நிகர வருமானத்தில் பாதிக்கு மேல் தவணை போகும் கடனை வாங்காதிருக்க. மரமும் புல்லும் கிரயத்தில் அடங்கினவென்று பத்திரத்தில் எழுதுக.

சங்கக் கூட்டங்களிலும் படிப்பு வட்டங்களிலும் விவாதிக்கத்தக்க கேள்விகள்:

1. நம் ஊரில் உள்ள ஒரு கொறங்காட்டில் பத்து இடம் அறுத்து நிறுத்தால் ஏக்கருக்கு எத்தனை கிலோ உலர் புல் வருகிறது? அதில் எத்தனை மாடு ஆண்டு முழுவதும் தங்கும்?

2. நடுச்சுற்று 36 அங்குலம், நீளம் 8 அடி உள்ள தண்டின் கன அளவு எவ்வளவு? (விடை: 4.5 கன அடி.)

3. வில்லங்கச் சான்றில் தோன்றாத எந்தெந்தப் பாத்தியதைகள் ஒரு மேய்ச்சல் நிலத்தில் இருக்கக்கூடும்? அவற்றை எவ்வாறு கண்டறிவது?

4. சென்ற பத்தாண்டுகளில் நம் ஊரில் விற்பனையான கொறங்காடுகள் எத்தனை? அவற்றுள் இன்று புல்லும் மரமும் நிற்பவை எத்தனை?